கணவன் போன மாதத்துப் பணம்

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவர் ஏப்ரல் 29-ம் தேதி ராத்திரி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏப்ரல் மாதத்துக்கு அவருக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. மாதம் முழுக்க உயிரோடு இருந்தவருக்குத்தான் அந்த மாதத்துப் பணம் என்பது விதி. ஏப்ரலுக்கு உரிய தொகை மே மாதத்தில்தான் வங்கிக் கணக்கில் விழும். தகவல் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டால் அரசாங்கம் அதை வங்கியிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். வீட்டு வாடகை, மருந்துச் செலவு, கரண்ட் பில் எல்லாம் ஏப்ரலில் இரண்டு பேருக்குமாக ஆனவைதான். கணக்கில் பணம் குறைந்திருப்பதைப் பார்க்கும் அன்றைக்குத்தான் இப்படியொரு விதி இருப்பதே பல மனைவியருக்குத் தெரியவரும்.

இறப்புச் செய்தியைப் பெரும்பாலும் ஃபியூனரல் ஹோம்காரர்களே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால் நிறுத்த வேண்டிய பணம் சீக்கிரமே நின்றுவிடுகிறது. கொடுக்க வேண்டியது அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. ஏற்கெனவே கணவன் கணக்கில் மனைவி பங்கு வாங்கிக்கொண்டிருந்தால் அது தானாக மாறும். மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். சொந்த ஓய்வூதியத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், துணையை இழந்தவருக்கான தொகைக்கு நெடுங்காலமாகவே அந்த வசதி கிடையாது. போனில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நேரம் குறித்துக்கொண்டு நேரில் போக வேண்டும். துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இதைச் செய்யச் சொல்வது கொடுமைதான்.

ஈமச் சடங்குக்கு அரசு தரும் உதவி என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு முறை 255 டாலர். 1954-ல் அந்த உச்சவரம்பு வந்தது, இன்றும் அதே 255-தான். சவப்பெட்டியோடு அடக்கம் செய்யும் ஒரு சாதாரணச் சடங்குக்கு இன்று 8,000 டாலருக்கு மேல் ஆகிறது.

அடுத்து வருவது மாத வரவு. கணவனுக்கு 2,400, மனைவிக்கு 1,600, ஆக மாதம் 4,000 டாலர் வந்துகொண்டிருந்த வீடு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் போனதும் இரண்டில் பெரியது மட்டும் நிற்கும், சிறியது போய்விடும். 4,000 வந்த வீட்டுக்கு இனி 2,400. வாடகை பாதியாகாது, சொத்துவரி பாதியாகாது, காருக்கான கடன் தவணையும் பாதியாகாது. வருமான வரியிலும் அடி விழும். இறந்த ஆண்டுக்கு மட்டும் கணவன்–மனைவியாகச் சேர்ந்து கணக்குக் காட்டலாம். சார்ந்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் அதே சலுகை. அதற்குப் பிறகு தனி ஆள். வரவு குறைந்தும் வரி விகிதம் ஏறிப்போவது இதனால்தான். வரி ஆலோசகர்கள் இதையே ‘விடோஸ் பெனல்டி’ என்கிறார்கள்.

இளம் வயதில் கணவனை இழந்தவருக்கு வேறு கணக்கு. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் தொகை உண்டு. கடைசிப் பிள்ளைக்கு 16 ஆனதும் தாயின் பங்கு நின்றுவிடும். மறுபடியும் கிடைக்கத் தொடங்குவது 60 வயதில், அதுவும் முழுத் தொகையில் 71.5 சதவீதம். முழுத் தொகை வேண்டுமென்றால் முழு ஓய்வு வயதுவரை பொறுத்திருக்க வேண்டும். 45 வயதில் கடைசிப் பிள்ளை 16-ஐத் தாண்டிவிட்டால், நடுவில் 15 ஆண்டு எதுவுமே கிடையாது. அந்தப் 15 ஆண்டுகளில்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கும்.

இத்தனை ஓட்டைகள் இருக்கும் ஏற்பாட்டில் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. இதில் அடைபட்ட ஓட்டைகளில் பல, துணையை இழந்தவர்களே எழுந்து நின்று கேட்டதால் அடைபட்டவை.

ஸ்டீஃபன் வீசன்ஃபெல்டின் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நியூ ஜெர்சியில் அவர் மனைவி பாலா பள்ளி ஆசிரியை. வீட்டில் கூடுதலாகச் சம்பாதித்தவர் அவர்தான். சம்பளத்திலிருந்து சோஷியல் செக்யூரிட்டி வரியும் ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்கள். 1972 ஜூனில் பிரசவத்தின்போது பாலா இறந்துபோனார். மகன் ஜேசன் பிழைத்தான். குழந்தையைத் தானே வளர்க்க முடிவுசெய்த ஸ்டீஃபன் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். பிள்ளைக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கிடையாது என்றார்கள். சட்டத்தில் அந்தத் தொகையின் பெயரே தாய்க்கான உதவித்தொகை என்றிருந்தது. கணவன் இறந்தால் மனைவிக்கு உண்டு, மனைவி இறந்தால் கணவனுக்கு இல்லை.

அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒருவர் கண்ணில் பட்டு, ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற வழக்கறிஞருக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, வாதாடும் மேசையில் தன் பக்கத்திலேயே ஸ்டீஃபனை உட்காரவைத்தார் கின்ஸ்பர்க். நீதிபதிகள் எல்லோரும் ஆண்கள். மனைவியை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் ஓர் ஆண் அவர்கள் கண்முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வாதத்தின் உயிர்நாடி எளிமையானது: பாலாவும் ஆண்களைப் போலவே வரி கட்டினார், ஆனால் அவர் கட்டிய வரி அவர் குடும்பத்துக்குக் குறைவான காப்பைத் தருகிறது. 1975 மார்ச்சில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான கின்ஸ்பர்க், ஜேசனின் திருமணத்தை நடத்திவைத்தார். 2014-ல் ஸ்டீஃபன் மறுமணம் செய்துகொண்டபோது அதையும் அவரே நடத்திவைத்தார்.

நிறுவன ஓய்வூதியத்திலும் இப்படி ஓர் அநியாயம் இருந்தது. கணவன் வேலையிலிருந்து ஓய்வுபெறும்போது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தன் காலத்தோடு முடிந்துபோகும் பெரிய தொகை, அல்லது தனக்குப் பிறகும் மனைவிக்குத் தொடரும் சிறிய தொகை. மனைவியைக் கேட்காமலே முதலாவதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அவர் இறந்த பிறகுதான் மனைவிக்கு விஷயம் தெரியும். 1984-ல் வந்த சட்டம், மனைவியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்றது. அந்தச் சட்டத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பாடுபட்டவர்களில் ஒருவர் ஜெரால்டின் ஃபெராரோ.

மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற விதிக்கு இதைவிட நீண்ட வரலாறு உண்டு. உள்நாட்டுப் போரின் நடுவே 1862-ல் வந்த சட்டம், மடிந்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர் கொடுத்தது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். அதனால் சிலர் மணம் செய்யாமலே துணையோடு வாழ்ந்தார்கள். 1882-ல் இன்னொரு சட்டம் போட்டு அதையும் தடுத்தார்கள். ஊரறிய ஓர் ஆணோடு வாழ்ந்தால் ஓய்வூதியம் ரத்து. ஒரு பெண்ணின் நடத்தை எப்படி என்று அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரிக்க அரசாங்கமே ஆள் அனுப்பியது.

அந்தப் போரின் கடைசி விதவை என்று அறியப்பட்டவர் இறந்தது எப்போது தெரியுமா? 2020 டிசம்பரில். மிசௌரி மாநிலத்தின் ஹெலன் வயோலா ஜாக்சன் 1936-ல், தன் 17-வது வயதில், 93 வயது முன்னாள் சிப்பாய் ஜேம்ஸ் போலினை மணந்தார். முதியவரின் வீட்டு வேலைகளுக்கு உதவிக்கொண்டிருந்த பெண் அவர். தரக் கையில் காசு இல்லை, என் காலத்துக்குப் பிறகு ஓய்வூதியமாவது உனக்கு வரட்டும் என்றுதான் போலின் திருமணப் பேச்சை எடுத்தார். 1939-ல் அவர் இறந்தார். ஹெலன் அந்த ஓய்வூதியத்தைக் கேட்கவே இல்லை. கேட்டால் ஊரில் உன் பெயரைக் கெடுத்துவிடுவேன் என்று போலினின் மகள் மிரட்டியிருந்தார். அந்தத் திருமணத்தைப் பற்றி ஹெலன் பல பத்தாண்டுகள் வெளியே மூச்சுவிடவில்லை, மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

இன்றும் 60 வயதுக்கு முன் மறுமணம் செய்தால், அந்த மணம் நீடிக்கும் வரை முதல் கணவன் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி கிடையாது. 60-க்குப் பிறகு செய்தால் பாதகமில்லை. 58 வயதில் ஒரு துணை கிடைத்து, திருமணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறவர்கள் அங்கே நிஜமாகவே இருக்கிறார்கள்.

படைவீரர்களின் மனைவியர் நடத்திய போராட்டமும் நீளமானது. கோல்ட் ஸ்டார் வைவ்ஸ் அமைப்பு 1945-ல் தொடங்கியது. கணவனை இழந்த இளம்பெண்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய அதில் தொடக்க கால உறுப்பினராக எலினோர் ரூஸ்வெல்ட்டும் இருந்தார். கணவன் பிரீமியம் கட்டி வாங்கிய ராணுவக் குடும்ப ஓய்வூதியம் ஒன்று, பணியால் நேர்ந்த மரணத்துக்கு முன்னாள் படைவீரர் துறை தரும் தொகை இன்னொன்று. இரண்டுக்கும் உரிமை இருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக்கொண்டே கொடுத்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படிப் பணம் இழந்தன. ஆண்டுதோறும் இந்தப் பெண்கள் வாஷிங்டனுக்குப் போய் ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினராகப் பார்த்துப் பேசினார்கள். 2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, அந்தக் கழிவு முழுமையாக நீங்கியது 2023 ஜனவரியில்.

பணம் ஒரு பக்கம். ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒற்றைத் தட்டு வைப்பது இன்னொரு பக்கம்.

ஹெலினா லோபாட்டா என்ற சமூகவியலாளர் சிகாகோவில் கணவனை இழந்த பெண்களைப் பேட்டி கண்டு 1973-ல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தில் நட்பு என்பது ஜோடி ஜோடியாக நடப்பது என்பதை அதில் காணலாம். நான்கு தம்பதிகள் சேர்ந்து விருந்து, நான்கு தம்பதிகள் சேர்ந்து சீட்டாட்டம். ஒருவர் தனியானதும் அழைப்புகள் குறையும். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை, ஒற்றை நாற்காலியை எங்கே போடுவது என்று தெரியாமல் போய்விடுகிறது. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் ஓவனில் வைத்த கேசரோல் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவார்கள், ஃப்ரீஸரில் இடம் இருக்காது. மூன்றாவது மாதம் வாசலில் மணி அடிக்காது. பெரும்பாலான வேலையிடங்களில் துக்க விடுப்பு மூன்று நாளிலிருந்து ஐந்து நாள். அதையும் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் கிடையாது. ஒரேகான், இல்லினாய், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில்தான் சட்டம் இருக்கிறது.

இதற்கு மாற்று என்ன என்று உருப்படியாகத் தேடியவர் ஃபிலிஸ் சில்வர்மன். 1960-களில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் சமூக மனநலக் கூடத்தில் பணியாற்றியவர். கணவனை இழந்த பெண்களிடம், உங்களுக்கு உண்மையிலேயே உதவியவர் யார் என்று கேட்டார். மருத்துவர், பாதிரியார், மனநல ஆலோசகர் எல்லோரையும்விட மேலாகச் சொல்லப்பட்டவர், கணவனை இழந்த இன்னொரு பெண். அதை வைத்து 1967-ல் பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் ‘விடோ டு விடோ’ திட்டத்தைத் தொடங்கினார்.

அது நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். இறப்புப் பதிவுகளிலிருந்து பெயர் எடுப்பார்கள். மரணம் நிகழ்ந்து சில வாரங்கள் கழித்து, அதே பகுதியில் வாழும், தானும் கணவனை இழந்த ஒரு பெண் கடிதம் எழுதுவார்: நானும் இந்த நிலையில் இருந்தவள், இன்ன நாள் இன்ன நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம். சொல்லவில்லையென்றால் அவர் வந்து கதவைத் தட்டுவார். உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். துக்கத்தில் இருப்பவர் யாரையும் கூப்பிட மாட்டார். அதைத் தெரிந்துகொண்டு, போகிற பொறுப்பை உதவுகிறவர் தலையில் வைத்ததுதான் சில்வர்மன் செய்த பெரிய காரியம். வந்த பெண் என்ன செய்தார்? கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குக் கூடப் போனார். வேலை தேட, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளத் தைரியம் சொன்னார். 1973-ல் ஏஏஆர்பி என்ற முதியோர் அமைப்பு இதே முறையில் நாடு தழுவிய சேவையைத் தொடங்கியது.

இன்றைக்கு அந்த மரபின் பேரப்பிள்ளைகளாகப் பல அமைப்புகள். மிஷெல் நெஃப் ஹெர்னாண்டஸின் கணவர் 2005-ல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார். அப்போது மிஷெலுக்கு 35 வயது. தன்னைப் போன்றவர்களைத் தேடிப்போய்ப் பேசத் தொடங்கியவர், 2008-ல் ஓர் அமைப்பு நிறுவி, 2009-ல் சான் டியேகோவில் ‘கேம்ப் விடோ’ நடத்தினார். பெயரில் கேம்ப் இருந்தாலும் கூடாரம் எதுவும் இல்லை. ஓட்டலில் ஒரு வாரக் கடைசி, பயிலரங்குகள், ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டம். அங்கே ஒருவர் சத்தமாகச் சிரித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அடுத்த நிமிடம் அழுதாலும் பார்ப்பதில்லை. ராணுவக் குடும்பங்களுக்கு டாப்ஸ் என்ற அமைப்பு 1994 முதல் இருக்கிறது. ராணுவ விமான விபத்தில் கணவனை இழந்த போனி கேரல் தொடங்கியது அது. ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பில் ஒருவர் இறந்தால், அந்த ஹாஸ்பிஸ் அவர் குடும்பத்துக்கு ஓராண்டு வரை துக்க ஆலோசனை தர வேண்டும் என்பது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதி. இதைக் கேட்டு வாங்கலாம், தனிக் கட்டணம் இல்லை.

இந்தக் குழுக்களில் பழகியவர்கள் புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் முதல் யோசனைகள் மிகச் சாதாரணமானவை. இறப்புச் சான்றிதழில் முத்திரையிட்ட பிரதி பத்துப் பன்னிரண்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தனித்தனியாகக் கேட்கும். அவருடைய செல்போன் எண்ணை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், வங்கிக் கணக்கின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். முதல் ஆண்டில் வீட்டை விற்காதீர்கள்.

அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பங்களுக்கு, தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான், இன்னொரு கவலை உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவன் இறந்தால், அவரைச் சார்ந்த மனைவியின் எச்-4 தகுதிக்கு அடித்தளம் இல்லாமல் போய்விடும். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஓலேத்தாவில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா இனவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டார். இறுதிச் சடங்குக்கு ஹைதராபாத் போன மனைவி சுனயனா துமாலாவுக்கு, திரும்பி வந்து வாழவும் வேலை பார்க்கவும் அப்போது உரிமையே இல்லை. கெவின் யோடர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் தலையிட்டுத்தான் வேலை அனுமதி கிடைத்தது. நாடே செய்தியில் பார்த்த சம்பவம் என்பதால் அவருக்கு வழி பிறந்தது. மாரடைப்பிலோ சாலை விபத்திலோ கணவனை இழந்தவர்களுக்கு அப்படி யார் வருவார்?

சட்டத்தில் ஒன்றிரண்டு பிடிமானங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டால், மனைவியின் கிரீன் கார்டு மனு செத்துப்போகும் என்ற பழைய விதி 2009 அக்டோபரில் வந்த ஒரு சட்டத்தால் ஒழிந்தது. அதை ஒழிக்க நீதிமன்றம் ஏறியவர்களும் அப்படித் துணையை இழந்தவர்களே. அதே சட்டத்தில் வந்த 204(எல்) பிரிவின்படி, வேலைவழி கிரீன் கார்டு மனு கணவன் உயிரோடு இருந்தபோதே தாக்கலாகியிருந்து, மனைவி அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் குடியிருந்து தொடர்ந்தும் குடியிருந்தால், அந்த மனுவைத் தொடர்ந்து நடத்தக் கேட்கலாம். ஆனால் வரிசை வரும்வரை அங்கே தங்க வேறு தகுதி தேட வேண்டும். மாணவர் விசாவுக்கு மாறுவது ஒரு வழி, சொந்தமாக எச்-1பி கிடைப்பது இன்னொரு வழி.

சோஷியல் செக்யூரிட்டிக்குப் பத்து ஆண்டு உழைத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, நமக்கு எதுவும் வராது என்று இருந்துவிட வேண்டாம். இறப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டு வேலை செய்து வரி கட்டியிருந்தாலே, சிறு பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்க்கும் தாய்க்கும் தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. கணவனின் நிறுவனக் காப்பீடு நின்றுபோனால், பிரீமியத்தைத் தாங்களே கட்டி 36 மாதம் வரை அதே மருத்துவக் காப்பீட்டைத் தொடர கோப்ரா சட்டம் இடம் தருகிறது. உடலோடு ஊருக்கு விமானம் ஏறும் முன், அந்த நாலைந்து நாள் குழப்பத்துக்குள்ளேயே, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் யாராவது பேசிவிட வேண்டும். அந்தப் பெண்ணால் அப்போது பேச முடியாது. சடங்குக்கு உதவ வீட்டுக்கு வருகிற நண்பர்களில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம், கிரீன் கார்டு மனுவின் ரசீது எண்ணையும் கணவன் பெயரில் உள்ள கோப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு.